அம்மம்மாவுக்குப் பத்து வயது

(நீர்வேலியில் நடந்த சிறுவர், முதியோர் தின விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முன்னால் பாயில் இருந்துகொண்டு ‘இவர் எப்ப முடிப்பார்’ என்று என்னைப் பார்க்கிற பிள்ளைகளே, பயப்படவேண்டாம். புத்திமதி சொல்ல நான் வரவில்லை. கார்ட்டூனைப் பற்றிக் கதைக்கத்தான் வந்திருக்கிறேன். பின்வரிசையில் இரண்டு பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ‘உந்த வயதிலை உந்தாளுக்குக் கார்ட்டூனோ?’ என்று கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா, உங்களிடமும் வருவேன்.

ஒக்டோபர் முதலாம் திகதியை முதியோர் தினம் என்று ஐக்கிய நாடுகள் சபை 1990ஆம் ஆண்டு அறிவித்தது. எங்கள் நாட்டில் அதே நாள்தான் சிறுவர் தினமும். எவ்வளவு பொருத்தம்! ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? காலையில் பிள்ளைகளுக்கு ஓட்டப்போட்டி, பலூன், ஐஸ்கிறீம். பின்னேரம் முதியோருக்கு மாலை, பொன்னாடை, ஒரு பார்சல். பந்தல் ஒன்று, நிகழ்ச்சி நிரல் இரண்டு. பேரன் ஓடுகிற நேரம் பாட்டா வீட்டில். பாட்டாவுக்குப் பொன்னாடை போர்த்துகிற நேரம் பேரன் போனில். ஒரே நாளில் இரண்டு பேரையும் கொண்டாடிவிட்டு, இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவைக்கிறோம்.

அதனால்தான் இன்றைய பேச்சுக்கு ‘அம்மம்மாவுக்குப் பத்து வயது’ என்று தலைப்பு வைத்தேன். விழாக் குழுவினர் அச்சுப் பிழையோ என்று கேட்டார்கள். பிழை இல்லை. உங்கள் அம்மம்மாவுக்கு ஒரு காலத்தில் பத்து வயது. உங்கள் அப்பப்பாவுக்கு ஒரு காலத்தில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அவர் ஒரு காலத்தில் கணக்குப் பாடத்துக்குப் பயந்து வயிற்றுவலி என்று சொன்னவர். நம்புகிறீர்களா? நம்பமாட்டீர்கள். நம்ப முடியாததுபோல அவரும் நடந்துகொள்கிறார்.

சரி, கார்ட்டூனுக்கு வருவோம்.

டோரேமானைத் தெரியாத பிள்ளை இங்கே உண்டா? எதிர்காலத்திலிருந்து வந்த நீலப் பூனை. ஜப்பானில் புஜிகோ எஃப். புஜியோ படைத்தது. ஐம்பது வருடங்களுக்கு மேலாகிறது. அதிலே நொபிட்டா என்ற பெடியன், ஒட்டுப்போட்டுத் தைத்த தன் பழைய கரடிப் பொம்மையைக் காண்கிறான். தைத்துக் கொடுத்த பாட்டி இப்போது இல்லை. கால இயந்திரத்தில் ஏறி, பாட்டி உயிரோடு இருந்த காலத்துக்குப் போகிறான். முன்னால் நிற்கும் பெரிய பெடியன் தன் பேரன்தான் என்று பாட்டி உடனே நம்பிவிடுகிறாள். நீ பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க ஆசை என்கிறாள். அவன் ஓடிப்போய்ப் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். 2000ஆம் ஆண்டு இது ஒரு தனிப் படமாகவும் வந்தது. பார்த்து அழாதவர்கள் குறைவு.

ஆனால் எனக்கு அந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கையில் கால இயந்திரமே இருக்கிறது. எந்தக் காலத்துக்கும் போகலாம். நொபிட்டா எங்கே போனான்? தன்னுடைய சிறுபராயத்துக்குத்தான் போனான்! பாட்டியின் சிறுபராயத்துக்குப் போகவில்லை. அங்கே அவன் கண்டதும் அதே பாட்டி, அதே அன்பு, அதே வெள்ளைத் தலை. அவள் சின்னப் பெட்டையாக ஓடித் திரிந்த தெருவைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? கால இயந்திரம் கிடைத்தால் எங்கள் பிள்ளைகளும் அதைத்தான் செய்வார்கள். பாட்டி என்றால் பாட்டியாகவே பிறந்தவள் என்றுதானே எண்ணம்?

இனி இரண்டாவது கார்ட்டூன். இதை உங்களில் பலர் பார்த்திருக்கமாட்டீர்கள். கனடாவில் இருக்கும் என் பேத்தி பார்த்துவிட்டுச் சொன்னது. ‘மொலி ஒவ் டெனாலி’ என்று பெயர். அமெரிக்காவின் வடகோடி, அலாஸ்கா. பனி, கரடி, நாய் வண்டில். அங்கே ஒரு கற்பனைக் கிராமம். மொலி என்ற பத்து வயதுச் சிறுமி. அலாஸ்காவின் பூர்வீகக் குடிப் பிள்ளை. பூர்வீகக் குடிப் பிள்ளை ஒன்றைக் கதாநாயகியாக வைத்து அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பான முதலாவது சிறுவர் தொடர் அதுதான். 2019 ஜூலை 15ஆம் திகதி அது தொடங்கியது. அந்த முதல் நாள் காட்டிய கதையின் பெயர் ‘தாத்தாவின் பறை’.

மொலிக்கு ஒரு பழைய படம் கிடைக்கிறது. படத்தில் ஒரு சின்னப் பெடியன் பறை அடித்துப் பாடிக்கொண்டிருக்கிறான். யாரென்று பார்த்தால் அவளுடைய தாத்தா! தாத்தா பாடி அவள் கேட்டதே இல்லை. ‘ஏன் தாத்தா இப்போது பாடுவதில்லை?’ என்று கேட்கிறாள். பறையைக் கொடுத்தபோது பாட்டும் போய்விட்டது என்று தாத்தா சொல்கிறார். அவ்வளவுதான். விளக்கம் இல்லை.

மொலி என்ன செய்தாள்? ‘பாவம் தாத்தா’ என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாளா? இல்லை. பறையைத் தேடிப் புறப்படுகிறாள். விசாரிக்கிறாள், தேடுகிறாள், பயணம் போகிறாள். தாத்தாவின் சிறுவயதுக் கூட்டாளியைக் கண்டுபிடிக்கிறாள். அப்போதுதான் விஷயம் தெரியவருகிறது. அந்தக் காலத்தில் பூர்வீகக் குடிப் பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்துத் தூரத்து விடுதிப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே தங்கள் பாட்டைப் பாடக்கூடாது. பாட்டில்லாத இடத்தில் பறை எதற்கு? பெடியன் பறையைக் கொடுத்துவிட்டான். பாடாமலே வளர்ந்து, பாடாமலே தாத்தாவாகிவிட்டான். பேத்தி பறையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறாள். கிழவர் பாடுகிறார்.

கதை முழுவதும் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. கிராமம் கற்பனை. ஆனால் அந்தப் பாடசாலைகள் கற்பனை இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தலைமுறை தலைமுறையாக நடந்தது அது. அந்தத் தொடர் அடுத்த ஆண்டே ஒளிபரப்புத் துறைக்கான பீபொடி விருது பெற்றது. சரியாகத்தான் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? தாத்தா ஓர் இடத்திலும் பேத்திக்குப் புத்தி சொல்லவில்லை. ‘எங்கள் காலத்தில் நாங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா, உங்களுக்கு எல்லாம் சுகமாகக் கிடைக்கிறது’ என்று ஒரு வரி சொல்லவில்லை. பேத்தி படத்திலிருந்து பறைக்குப் போனாள். பறையிலிருந்து கூட்டாளியிடம் போனாள். கூட்டாளியிடமிருந்து அந்தப் பாடசாலைக்குப் போனாள். தாத்தாவின் பத்து வயதுக்குள் தன் காலாலேயே நடந்து போனாள்.

பெரியோர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். கோபிக்கக்கூடாது. நாங்கள் எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் சிறுபராயத்தை எப்படிச் சொல்கிறோம்? ‘நாங்கள் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனனாங்கள். நாங்கள் விளக்கு வெளிச்சத்திலை படிச்சனாங்கள். நாங்கள் பெரியாக்களுக்கு எதிர்க்கதை கதைக்கேல்லை.’ சரிதானே? மூன்று வசனம். மூன்றும் குற்றப்பத்திரிகை. நாங்கள் செருப்பில்லாமல் போனதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அந்த மூன்று வசனத்தைக் கேட்ட பிள்ளை நான்காவதைக் கேட்க நிற்குமா? போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடும். நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

செருப்பில்லாமல் போன வழியில் என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்! மாங்காய்க்குக் கல்லெறிந்து யாருடைய ஓடு உடைந்தது? யார் துரத்தியது? எந்தப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஓடினீர்கள்? அதிகாலையில் பனங்காய் விழுந்த சத்தம் கேட்டு, மற்றவன் எழும்ப முன்னம் இருட்டுக்குள் ஓடியது யார்? பட்டத்துக்கு விண் கட்டி இரவிரவாகக் கூவவிட்டு, அயலட்டையின் நித்திரையைக் கெடுத்தது யார்? இதையெல்லாம் ஏன் மறைக்கிறோம்? மரியாதை போய்விடும் என்றா? உண்மையில், அன்றைக்குத்தான் பிள்ளை எங்களை முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கும்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். துலா.

பிள்ளைகளே, எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கிறது. கிணறு வெட்டித்தான் எடுக்கவேண்டும். இந்த நீர்வேலிச் செம்மண்ணில் இத்தனை வாழை நிற்கிறதே, இதன் பாட்டனுக்குப் பாட்டன் வாழைக்கெல்லாம் தண்ணீர் எப்படிப் போனது? ஆளியை அமத்தினால் ஓடுகிற மோட்டர் இருந்ததா? துலாதான். கிணற்றடியில் ஆடுகால். அதன்மேல் நீட்டுக்குப் பெரிய மரம், அதுதான் துலா. ஒரு நுனியில் தொங்கும் கயிற்றில் பனையோலைப் பட்டை. கீழே ஒருவர் நின்று பட்டையைப் பிடித்து இறக்குவார், நிரம்பி வந்ததும் சரித்து ஊற்றுவார். இன்னொருவர் மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூன்றாமவர்? அவர் மேலே. துலாவுக்கு மேலே! அந்த மரத்தின்மேல் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை கீழே போகும். திரும்பி மறுபக்கம் நடந்தால் பட்டை மேலே வரும். போவார், வருவார், போவார், வருவார். விடியப்புறம் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அவர் நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் பருத்தித்துறைக்கே போயிருக்கலாம். ஆனால் கிணற்றடியை விட்டு ஓரடி நகரவில்லை.

சர்க்கஸ் பார்க்கக் காசு கொடுக்கிறோம். இந்த ஊரின் ஒவ்வொரு தோட்டத்திலும் விடியப்புறத்தில் நடந்ததை என்னவென்று சொல்வது? காலுக்குக் கீழே ஆடுகிற மரம். அதற்கும் கீழே கிணறு. பனி பெய்து மரம் வழுக்கும். இங்கே இருக்கிற ஐயாமார் சிலர் துலா மிதித்திருப்பீர்கள். மிதிக்காவிட்டாலும், தகப்பன் இல்லாத நேரம் பார்த்துப் பெடியளாக ஏறிப் பார்த்திருப்பீர்கள். அந்த முதல் நாள் கால் நடுங்கியதா? கீழே பார்த்தீர்களா? பார்க்கக்கூடாது என்று யார் சொல்லித்தந்தது? இதை உங்கள் பேரனுக்குச் சொன்னீர்களா? ‘நாங்கள் கஷ்டப்பட்டுத் தண்ணி இறைச்சனாங்கள்’ என்று சொல்லியிருப்பீர்கள். கஷ்டத்தைச் சொல்லிவிட்டு நடையை விட்டுவிட்டீர்கள்.

கிணறு என்றதும் நிலாவரை ஞாபகம் வருகிறது. இங்கிருந்து புத்தூர்ப் பக்கம் போனால் வரும் அந்த வற்றாத கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. இராமர் அம்பு விட்டு உண்டானது என்பது ஐதீகம். நிலாவரையில் எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் எலுமிச்சம்பழம் போட்டீர்கள்? கையை உயர்த்துங்கள். வெட்கப்படாதீர்கள். கீரிமலைக்குப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! அதுதானே பார்த்தேன். இந்த ஒரு சங்கதியில் ஒரு முழுக் கார்ட்டூன் இருக்கிறது, பிள்ளைகளே. ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு சிறுவர், ஒரு சைக்கிள், கீரிமலை மட்டும் ஒரு ஓட்டம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போனால் நான் நேர்மையில்லாதவன். எல்லாப் பாட்டாமாரின் பத்து வயதும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒரு பெடியன் கிணற்றுக்குள் குதித்து விளையாடினான். அதே வயதுப் பெடியன் இன்னொருவன் சாதியின் பேரால் அதே கிணற்றுக் கட்டில் கை வைக்க முடியாமல், யாராவது வந்து ஊற்றுவார்களா என்று குடத்தோடு தள்ளி நின்றான். ஒரு பிள்ளை வாங்கில் இருந்து படித்தது. இன்னொரு பிள்ளை நிலத்தில் இருந்து படித்தது. 1920களின் இறுதியில், உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று வந்தபோது, அதை எதிர்த்துக் கொதித்தவர்கள் இந்தக் குடாநாட்டுப் பெரிய மனிதர்கள்தான். 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்கும் சமபந்திக்கும் நின்றது. 1968இல்கூட மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகும் உரிமையை வாசலில் நின்று கேட்கவேண்டியிருந்தது. அங்கே நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் பேரப்பிள்ளை கண்டவர்கள்.

மொலியின் தாத்தாவிடமிருந்து பாட்டைப் பறித்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். எங்கள் பிள்ளை ஒன்று வந்து, ‘பாட்டா, நீங்கள் ஏன் அந்தக் கிணற்றிலை தண்ணி அள்ளேல்லை?’ என்று கேட்டால், பறித்தவர் யார் என்று சொல்லவேண்டி வரும். இன்னொரு வீட்டுப் பிள்ளை, ‘அப்பப்பா, நீங்கள் ஏன் அவரை அள்ளவிடேல்லை?’ என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்லவேண்டி வரும். இரண்டு வீட்டிலும் சொல்லவேண்டும். குடத்தோடு தள்ளி நின்ற பெடியனுடைய கதை இல்லாமல் இந்த ஊரின் சிறுபராயக் கதை முழுமையடையாது.

மூத்தோரின் சிறுபராயத்தைக் கேட்டுக் கதையாக்குவது ஏதோ புதிதாக நான் கண்டுபிடித்த யோசனை என்று நினைக்கவேண்டாம். ஆர். கே. நாராயண் பெரிய எழுத்தாளர். மால்குடி என்ற கற்பனை ஊரைப் படைத்தவர். 1992இல் அவர் ஒரு சிறிய நூல் எழுதினார், பாட்டி சொன்ன கதை. பாட்டியின் தாயைப் பற்றியது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கல்யாணம். மாப்பிள்ளைப் பெடியன் ஒருநாள் யாத்திரிகர் கூட்டத்தோடு சேர்ந்து வடக்கே போய்விட்டான். வருடங்கள் போயின. ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பெண் வளர்ந்து, தனியாகப் புறப்பட்டுப் பூனாவுக்குப் போய், அங்கே வேறு குடும்பத்தோடு இருந்த கணவனைக் கண்டுபிடித்து ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். இரயில் இல்லாத காலம். எந்தக் கார்ட்டூனில் இப்படி ஒரு பயணம் உண்டு? பேரன் குறுக்கே குறுக்கே கேட்கிறார்: எந்த வருடம்? எந்த வழியால் போனாள்? பாட்டிக்கு எரிச்சல் வருகிறது. தான் பிறக்கும் முன் நடந்தது தனக்கெப்படித் தெரியும் என்கிறாள். அவர் விடவில்லை. விட்டிருந்தால் எங்களுக்கு அந்தப் புத்தகம் இல்லை.

எங்கள் நாட்டிலேயே சிறுவர் நூல் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்க இருந்தார். 2020இல்தான் காலமானார். காலிக்கு அருகே கிந்தோட்டையில் தான் கழித்த சிறுபராயத்தைத் தானே எழுதித் தானே படமும் கீறிப் புத்தகமாக்கினார். கிழவியான பிறகும் அந்தக் கோடுகளில் சின்னப் பெட்டை ஒருத்தி ஓடிக்கொண்டிருக்கிறாள். கடைசிக் காலத்தில் ஒரு கதையை எழுதி முடிவைச் சொல்லாமல் விட்டார். பிள்ளைகள் எழுதியனுப்பிய முடிவுகள் ஆயிரத்துக்கு மேல். 1,250 முடிவுகளோடு அந்தப் புத்தகம் கின்னஸ் சாதனை படைத்தது.

தமிழில் எங்களுக்கு? நவாலியூர் சோமசுந்தரப் புலவரை ஏன் ‘தங்கத் தாத்தா’ என்கிறோம்? ஆடிப்பிறப்பு என்றவுடன் உங்கள் எல்லோருக்கும் ஒரு பாட்டு வாயில் வருகிறதே, அது அவர் பாட்டு. 1878இல் பிறந்தவர். ஆடிக்கூழின் அருமையைப் பற்றி அவர் உபதேசம் செய்யவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று துள்ளுகிற பெடியனின் வாயால் பாடினார். அதனால்தான் அவர் மறைந்து எழுபது வருடம் கடந்தும் ஆடி பிறந்தால் அவர் வருகிறார்.

மொலிக்கு ஒரு படம் கிடைத்தது என்றேன். அந்த ஒரு படத்தில்தான் கதை தொடங்கியது. எங்கள் வீடுகளில் படம் எங்கே? 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், ஏடுகள் போயின. அது ஊரின் ஞாபகம். 1995 ஐப்பசியில் போருக்குத் தப்பி வலிகாமமே எழும்பி நடந்தது. அன்றைக்கு அல்பம் தூக்கியவர்கள் எத்தனை பேர்? பிள்ளையைத் தூக்குவதா, அரிசியைத் தூக்குவதா, அல்பத்தைத் தூக்குவதா? திரும்பி வந்தபோது பலருக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை, சுவரில் மாட்டிய படமும் இல்லை. ஆகவே எங்கள் பிள்ளைகளுக்குப் படம் கிடைக்கப்போவதில்லை. கிடைக்கக்கூடியது குரல் ஒன்றுதான். அந்தக் குரல் எத்தனை நாளைக்கு?

இன்னொரு விஷயம். பாட்டா பாட்டி என்றால் துலாக் காலத்தவர்கள் மட்டும் என்று நினைக்கவேண்டாம். 1964 மார்கழிச் சூறாவளியைப் பத்து வயதில் கண்டவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1995இல் பத்து வயதாக இருந்தவர்கள் நாற்பதை எட்டிவிட்டார்கள். இந்த மண்டபத்தின் நடுவரிசையில் இருக்கிற அப்பாமாரே, அம்மாமாரே, அடுத்த பாட்டா, பாட்டி நீங்கள்தான்! உங்கள் சிறுபராயத்தில் சாகசத்துக்குக் குறைவா? போர்க்காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்க விலை. வெறும் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், கம்பியில் தாங்கிய சிறு திரி. காற்று அணைக்காது, எண்ணெய் குடிக்காது. அதன் வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தீர்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டீர்கள். சுற்றுகிறவனுடைய கை சோர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் சோரும். ‘டேய், சுத்தடா, முக்கியமான இடம்!’ என்று பெரியவர்கள் கத்துவார்கள். பாட்டு என்றால் நன்றாகச் சுற்றுவான், செய்தி என்றால் களைத்துவிடுவான். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறீர்களா?

பங்கருக்குள் இருந்த கதையும் அதிலேதான் வரும். அந்த 1995 ஐப்பசியில் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் சனத்தோடு சனமாக இரவிரவாக நகர்ந்த கதையும் வரும். சொல்லலாமா, சிறு பிள்ளைகள் பயப்படமாட்டார்களா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் அபிப்பிராயம் இது: பத்து வயதில் நீங்கள் கண்ட அளவைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். அந்த இரவில் உங்கள் கை யாருடைய கையைப் பிடித்திருந்தது? பையில் என்ன வைத்திருந்தீர்கள்? எந்தப் பொம்மையை, எந்த ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வந்தீர்கள்? அங்கிருந்து தொடங்கலாம். அலாஸ்காவில் ஒரு பறையிலிருந்து தொடங்கவில்லையா? அவ்வளவு பெரிய கொடுமையை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்ல அவர்களுக்கு ஒரு பறை போதுமாக இருந்தது.

வெளிநாட்டில் இருக்கிற பேரப்பிள்ளைகளோடு நாங்கள் வீடியோவில் என்ன கதைக்கிறோம்? ‘சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டனி? அங்கை குளிரோ?’ முடிந்தது. பிள்ளைக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்கு அவர்களின் பாஷை அரைகுறை. ஆனால் எலுமிச்சம்பழக் கதைக்கு எவ்வளவு தமிழ் வேண்டும்? போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போங்கள். ‘இந்தா, இதிலைதான் நான் விழுந்தனான்’ என்று காட்டுங்கள். அந்தப் பிள்ளை அடுத்த முறை தானாக எடுக்கும்.

எங்கள் மண்ணில் கார்ட்டூனுக்கு ஆள் இல்லை என்றும் சொல்லமுடியாது. கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம், ‘சுந்தர்’ என்ற பெயரில் சவாரித் தம்பரையும் சின்னக்குட்டியையும் கீறி, ‘சிரித்திரன்’ பத்திரிகையை நடத்தி, இந்தக் குடாநாட்டையே சிரிக்க வைத்தவர். அவர் கையில் இருந்தது ஒரு பேனாவும் மையும். இன்றைக்குப் படம் கீறுகிற பிள்ளையின் கையில் அசையும் படம் செய்கிற போனே இருக்கிறது. ‘நூலகம்’ நிறுவனம் 2005 முதல் எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வைக்கிறது, வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. கருவியும் உண்டு, சேர்த்து வைக்க இடமும் உண்டு. கேட்கிற பிள்ளைதான் வேண்டும், சொல்கிற பாட்டாதான் வேண்டும்.

எப்படிக் கேட்பது? ‘உங்கட காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. கேட்டால் அந்த மூன்று வசனமும் வரும்! சின்னதாகக் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகிற வழியில் எந்த நாய்க்குப் பயம்? யாரோடு கோபம் போட்டீர்கள்? முதன்முதலாக யாழ்தேவியில் ஏறியபோது யன்னல் பக்கம் யார் இருந்தது? எதைக் களவாகச் சாப்பிட்டீர்கள்? பாட்டி முதலில் ‘சீ, போடா’ என்பா. விடாதீர்கள். இரண்டாம் முறை சிரிப்பா. மூன்றாம் முறை சொல்லத் தொடங்குவா.

இந்த வாசிகசாலையின் மேசையில் இன்று முதல் ஒரு தடித்த கொப்பி இருக்கும். விழாக் குழுவினர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இன்றிரவு வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். கிடைத்த கதையைக் கொப்பியில் எழுதுங்கள். எழுதப் பஞ்சியாக இருந்தால் குரலைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள், நாங்கள் எழுதுகிறோம். படம் கீறத் தெரிந்தவர்கள் கீறுங்கள். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்கமாட்டோம். அடுத்த ஒக்டோபர் முதலாம் திகதி ஓட்டப்போட்டியும் பொன்னாடையும் இருக்கட்டும், அவற்றோடு இந்தச் சுவர் முழுவதும் உங்கள் படங்கள் தொங்கட்டும். கதை சொன்னவரும் கதை கேட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து கேட்டால், ‘அதெல்லாம் இப்ப என்னத்துக்கு, போய்ப் படி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.